லட்சத்தில் ஒரு குழந்தைக்கு இத்தனை செலவா?

பச்சைப் பயறை ஊறவைத்து முளைகட்டினால் என்ன செய்வோம்? சுண்டல் செய்வோம். கொஞ்சம் தேங்காய்த் துருவல், ஒரு பச்சை மிளகாய், கடுகு தாளிப்பு. அதோடு பயறின் கதை முடிந்துவிடும்.

அமெரிக்காவில் ஒரு பெண்மணி அந்த முளையை அரைத்துச் சாறு எடுத்தார். அந்தச் சாற்றில் ஒரு சர்க்கரை இன்னொரு சர்க்கரையாக எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. வருஷக் கணக்கில் ஆராய்ந்தார்!

"பயறு முளையில் என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது? அதற்கு அரசாங்கப் பணமா?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவிலும் உண்டு.

அந்தப் பெண்மணியின் பெயர் எலிசபெத் நியூபெல்ட். அவர் உயிர்வேதியியல் விஞ்ஞானி. பிற்காலத்தில் அவர் கண்ட உண்மைகளை வைத்துத்தான், "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று டாக்டர்கள் கைவிட்ட சில குழந்தைகளுக்கு மருந்து வந்தது.

மருந்து வந்ததும் இரண்டாவது கேள்வி பிறந்தது. "லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருகிற நோய். அதற்கு இத்தனை செலவா? அந்தப் பணத்தில் ஆயிரம் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கலாமே!"

இப்படிக் கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவர்கள் பதிலையும் கேட்கவேண்டும். பதில் அந்த அம்மையாரின் கதையிலேயே இருக்கிறது.

அகதிகளின் மகள்

எலிசபெத் 1928-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து வந்த யூத அகதிகள். பிரான்சை ஹிட்லரின் படை நெருங்கிய சமயம், 1940-ல், குடும்பம் மறுபடியும் மூட்டை கட்டியது. இந்தத் தடவை நியூயார்க். சிறுமிக்கு வயது பதினொன்று. புது ஊர்; புது மொழி.

1948-ல் குவீன்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு எலிகளை வைத்து ஆராயும் ஒரு கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். அதன்பின் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம். அங்கேதான் பயறு முளை. 1956-ல் டாக்டர் பட்டம்.

1963-ல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசியச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அது வாஷிங்டன் அருகே பெதஸ்டா என்ற ஊரில் இருக்கிறது. செடியின் சர்க்கரையை விட்டு, மனிதனின் சர்க்கரைக்கு வந்தார்.

சர்க்கரை என்றால் காப்பியில் போடும் சர்க்கரை மட்டும் அல்ல. சர்க்கரையில் பல ஜாதி. அவை சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு நம் தோலிலும், எலும்பிலும், மூட்டிலும், இதயத்தின் வால்விலும் இருக்கின்றன. வீட்டுக்குச் செங்கல் மட்டும் போதுமா? இடையில் பூசச் சாந்து வேண்டாமா? உடம்பில் அந்தச் சாந்து வேலையைச் செய்பவை இந்தச் சங்கிலிகள்.

கோர முகம் என்று பெயர்!

1917-ல் சார்லஸ் ஹண்டர் என்ற கனடா டாக்டர், ஒரே வீட்டில் பிறந்த இரண்டு சகோதரர்களைப் பற்றி எழுதினார். இருவருக்கும் ஒரே விதமான விசித்திர நோய். 1919-ல் ஜெர்மனியில் கெர்ட்ரூட் ஹர்லர் என்ற பெண் டாக்டர் அதேபோன்ற, ஆனால் இன்னும் கடுமையான ஒரு நோயைப் பற்றி எழுதினார். இரண்டு நோய்களுக்கும் அவரவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஹர்லர் நோய் எப்படிப்பட்டது?

குழந்தை பிறக்கும்போது எல்லாக் குழந்தையையும் போலத்தான் இருக்கும். பால் குடிக்கும்; சிரிக்கும்; குப்புற விழும். முதல் பிறந்த நாள் வருவதற்குள் ஏதோ சரியில்லை என்று தாய்க்குத் தோன்றும். தலை பெருக்கும். முகத்தின் சாயல் தடிக்கும். வயிறு உப்பும், உள்ளே ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கும். முதுகெலும்பு கூன்விழும். விரல்கள் மடங்கியபடி நீட்ட முடியாமல் போகும். கண்ணின் கருவிழி பால் படர்ந்ததுபோல் மங்கும். கற்றுக்கொண்ட சொற்களை ஒவ்வொன்றாகக் குழந்தை மறக்கும். சிகிச்சை இல்லாத காலத்தில், பெரும்பாலும் பத்து வயதுக்குள் முடிவு.

ஐரோப்பாவின் பழைய மாதா கோவில்களில், கூரைத் தண்ணீர் விழுவதற்குக் கோர முகத்தோடு கல் பொம்மைகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பொம்மையின் பெயரையே டாக்டர்கள் இந்த நோய்க்கு வைத்திருந்தார்கள். பெற்ற தாயின் காதில் அந்தப் பெயர் எப்படி விழுந்திருக்கும்! படித்தவர்கள் செய்கிற கொடுமை சில சமயம் இப்படித்தான் இருக்கும். நல்ல வேளை, அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை.

இந்தக் குழந்தைகளின் உடம்பில் அந்தச் சர்க்கரைச் சங்கிலிகள் குவிந்து கிடந்தன. காரணம் என்ன? அதுதான் தெரியவில்லை.

ஐந்து நாள் ஐஸ் பெட்டியில்

இங்கே பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானி ஒருவரைச் சொல்லவேண்டும். அவர் பெயர் கிறிஸ்டியன் டி டுவே.

அவர் எலியின் ஈரலை அரைத்து அதில் ஒரு நொதியை அளந்துகொண்டிருந்தார். நொதி என்றால் என்ன? அது ஒரு புரதம். உடம்பில் ஒன்றை வெட்டவும், ஒன்றை ஒட்டவும் உதவுகிற கருவி. வாயில் சோற்றை மெல்ல மெல்ல இனிக்கிறது அல்லவா? எச்சிலில் உள்ள நொதி சோற்றின் மாவை வெட்டுவதால்தான் அந்த இனிப்பு.

டி டுவே அளந்தபோது நொதி எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. மீதியை ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். ஐந்து நாள் கழித்து எடுத்து அளந்தால், நொதி ஏராளம்!

ஐந்து நாளில் எங்கிருந்து வந்தது? வரவில்லை. முன்பே இருந்தது. ஒரு மெல்லிய பைக்குள் அடைபட்டிருந்தது. நாள் ஆக ஆகப் பை சிதைந்து, உள்ளே இருந்தது வெளியே வந்தது. அவ்வளவுதான்.

நம் உயிரணுக்களில் அப்படிப்பட்ட பைகள் உண்டு. 1955-ல் டி டுவே அதற்கு 'லைசோசோம்' என்று பெயர் வைத்தார். 1974-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். தேய்ந்ததும், பழையதும், வேண்டாததும் அந்தப் பைக்குள்தான் போகும். உள்ளே உள்ள நொதிகள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டும். துண்டுகளை உயிரணு மறுபடியும் உபயோகித்துக்கொள்ளும். பழைய புடவையை உரித்துத் தலையணை உறையும், கைப்பிடித் துணியும் ஆக்குகிற வீட்டுக்காரியைப் போல!

வெட்டும் கருவிகளில் ஒன்றே ஒன்று இல்லாமல் போனால்? அந்த ஒரு சரக்கு மட்டும் வெட்டப்படாமல் பைக்குள் தேங்கும். பை உப்பும். உயிரணு திணறும். 1963-ல் டி டுவேயின் தோழர் ஹெர்ஸ், பாம்பே நோய் என்ற இன்னொரு குழந்தை நோய்க்கு இதுதான் காரணம் என்று காட்டினார். இப்படிப்பட்ட நோய்களைத் 'தேக்க நோய்கள்' என்று சொல்லலாம்.

அம்மியும் அரிவாள்மணையும்

ஆனால் ஹர்லர் நோயும் தேக்க நோய்தானா? "சங்கிலியை உடம்பு அளவுக்கு மீறித் தயாரிக்கிறது, அதுதான் குவிகிறது" என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். வரவு அதிகமா, செலவு குறைவா? இதுதான் வழக்கு.

எலிசபெத்தும், அவரோடு வேலை செய்த ஜோசப் பிரடன்டோனி, கிளாரா ஹால் ஆகியோரும் வழக்கைத் தீர்க்க ஒரு வழி கண்டார்கள்.

நோயுற்ற குழந்தையின் தோலில் ஒரு சிறு துணுக்கு எடுத்தார்கள். அதன் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். கதிர் வீசும் கந்தகச் சத்தை அவற்றுக்கு ஊட்டினார்கள். சங்கிலியில் அது சேரும். கருவியை வைத்தால் எவ்வளவு சேர்ந்தது என்று காட்டிக்கொடுக்கும். நல்ல உயிரணுவில் கந்தகம் கொஞ்சம் ஏறி, நின்றுவிட்டது. நோயுற்ற உயிரணுவில் ஏறிக்கொண்டே போனது. ஊட்டுவதை நிறுத்தினார்கள். நல்ல உயிரணுவிலிருந்து சில மணி நேரத்தில் பெரும் பகுதி வெளியேறியது. நோயுற்றதில் நாள் கணக்கில் தங்கியது.

தயாரிப்பில் குற்றம் இல்லை. கழிப்பதில்தான் குற்றம்!

அடுத்து நடந்ததுதான் அதிசயம். ஹர்லர் குழந்தையின் உயிரணுவையும் ஹண்டர் குழந்தையின் உயிரணுவையும் ஒரே தட்டில் கலந்து வளர்த்தார்கள். இரண்டும் நோயுற்றவை. சேர்ந்தால் நோய் இரட்டிப்பாகும் என்றுதானே நினைப்போம்?

நோய் மறைந்துவிட்டது!

அடுத்தடுத்து இரண்டு வீடு. ஒரு வீட்டில் அம்மி இல்லை. இன்னொரு வீட்டில் அரிவாள்மணை இல்லை. இரண்டு வீட்டிலும் சமையல் நடக்கவில்லை. சுவருக்கு மேலே அம்மியும் அரிவாள்மணையும் கைமாறினால்? இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும். தட்டிலே நடந்தது அதுதான். ஹர்லர் உயிரணுவிடம் இல்லாத கருவி ஹண்டர் உயிரணுவிடம் இருந்தது. இதனிடம் இல்லாதது அதனிடம் இருந்தது. உயிரணுக்கள் ஒட்டி உட்காரவேண்டும் என்பதுகூட இல்லை. ஒன்று வளர்ந்த நீரை எடுத்து மற்றதன்மேல் ஊற்றினாலே போதும்!

இது 1968-ல் வெளிவந்தது. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஓர் உயிரணு வெளியே விட்ட நொதியை இன்னோர் உயிரணு உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படியானால், இல்லாத நொதியை வெளியிலிருந்தும் கொடுக்கலாம். அதாவது, மருந்து சாத்தியம்! 1968-ல் அந்த நொதி எது என்றுகூடத் தெரியாது. ஆனால் கதவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

மறு வருஷமே, 1969-ல், கருவில் இருக்கும் குழந்தைக்கு இந்த நோய் உண்டா என்று பனிக்குட நீரை வைத்துக் கண்டறியும் முறையையும் இவர்கள் வெளியிட்டார்கள். 1972-ல் ஹர்லர் நோயில் இல்லாத நொதி இன்னதென்று அகப்பட்டது. ஹண்டர் நோயின் நொதி அடுத்த வருஷம்.

இந்தத் தட்டு வித்தை இன்னொரு காரியமும் செய்தது. ஷை நோய் என்று ஒன்று உண்டு. அறிவு மங்காது, ஆயுளும் உண்டு, ஹர்லரைவிட மிக இலேசானது. அது வேறு நோய் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அதன் உயிரணுவை ஹர்லர் உயிரணுவோடு கலந்தபோது இரண்டும் தேறவில்லை! இரண்டு வீட்டிலும் இல்லாதது ஒரே அம்மி. இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். சான்பிலிப்போ நோயிலோ நேர்மாறு. ஒரே நோய் என்று நினைத்தவர்களின் உயிரணுக்கள் ஒன்றையொன்று குணப்படுத்தின. அப்படியானால் அது ஒரே நோய் அல்ல!

விலாசம் இல்லாத கடிதம்

இன்னும் ஒரு புதிர் இருந்தது. ஐ-செல் நோய் என்று ஒரு நோய். அதில் ஒரு நொதி அல்ல, பல நொதிகள் உயிரணுவுக்குள் இல்லை. ஆனால் உயிரணுவுக்கு வெளியே அவை தாராளமாக இருந்தன. தயாரித்த பண்டம் எல்லாம் தெருவில் கிடக்கிறது. வீட்டுக்குள் ஒன்றும் இல்லை!

1972-ல் எலிசபெத்தும் ஸ்காட் ஹிக்மனும் ஒரு யோசனை சொன்னார்கள். நொதி பைக்குள் போய்ச் சேர ஓர் அடையாளச் சீட்டு வேண்டும். ஐ-செல் நோயில் நொதி இருக்கிறது; சீட்டு ஒட்டப்படவில்லை. விலாசம் எழுதாத கடிதத்தைத் தபால்காரர் எந்த வீட்டில் போடுவார்?

1977-ல் செயின்ட் லூயி நகரின் வில்லியம் ஸ்லை குழுவினர் அந்தச் சீட்டு எது என்று காட்டினார்கள். மானோஸ் என்ற சர்க்கரை. அதன்மேல் ஒரு பாஸ்பேட். அவ்வளவு சின்னச் சங்கதி! ஆனால் நல்ல உடம்பு உள்ள உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும், இந்த நிமிஷம் அந்தச் சீட்டு ஒட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

"லட்சத்தில் ஒரு குழந்தை" என்று கணக்குப் பேசுபவர்களுக்கு முதல் பதில் இதுவே. ஓர் இயந்திரம் சரியாக ஓடும்போது அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஓர் ஆணி கழன்றால்தான் அந்த ஆணி எதற்கு என்று தெரியும். ஆணி கழன்ற அந்தச் சில குழந்தைகள்தான் எல்லாருடைய உடம்பின் ரகசியத்தையும் உலகுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. தருமம் செய்வதுபோல் பேசுவது பொருந்தாது.

மேலும், லட்சத்தில் ஒன்று என்பது ஹர்லர் நோய்க்கு மட்டும். தேக்க நோய்கள் ஐம்பதுக்கு மேல் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் சில ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்று ஆகிவிடும்.

முப்பத்தைந்து வருஷம்

1982-ல் எலிசபெத்துக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது. கோஷே நோய் என்ற தேக்க நோயை ஆராய்ந்த ராஸ்கோ பிராடியும் அதில் பங்கு பெற்றார். கோஷே நோய்க்குத்தான் முதலில் மருந்து வந்தது, 1991-ல். பிரசவத்துக்குப் பின் விழும் நஞ்சிலிருந்து அந்த நொதியை எடுத்தார்கள். ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு ஆயிரக்கணக்கான நஞ்சு தேவைப்பட்டது!

1984-ல் எலிசபெத் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக்குத் தலைவரானார். அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் பயின்ற எமில் கக்கிஸ் என்ற இளம் டாக்டர், ஹர்லர் நொதியைத் தயாரிப்பதில் இறங்கினார். இதே நோய் நாய்களுக்கும் வருவது உண்டு. நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது. ஆனால் குழந்தைகளுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. நோயுற்ற ஒரு சிறுவனின் பெற்றோர் பலகாரம் விற்றும், பந்தயங்கள் நடத்தியும் நிதி திரட்டினார்கள். உலகத்திலேயே பணக்கார நாட்டில், ஒரு மருந்துக்காகப் பலகாரம் விற்கவேண்டியிருந்தது!

பத்து நோயாளிகளுக்கு ஓர் ஆண்டு கொடுத்துச் சோதித்தார்கள். ஈரல் வற்றியது. தோளை உயர்த்த முடியாதவர்கள் உயர்த்தினார்கள். குழந்தைகள் வளர்ந்தார்கள். 2003-ல் மருந்துக்கு அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி கிடைத்தது. தட்டிலே கதவு தெரிந்தது 1968-ல்; திறந்தது 2003-ல்.

மருந்தைப் பற்றி மிகையாகச் சொல்வது பாவம். இது நோயை வேரோடு எடுக்கும் மருந்து அல்ல. வாரம் ஒருமுறை, சில மணி நேரம், ரத்தக் குழாயில் ஏற்றவேண்டும். ஆயுள் முழுவதும் ஏற்றவேண்டும். மூளைக்குள் அது போகாது. அறிவு மங்குவதைத் தடுக்க வேண்டுமானால், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள், மூளை கெடுமுன், வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை மாற்றி வைக்கவேண்டும். லண்டனில் இதை முதலில் செய்தார்கள். அதுவும் அம்மி இரவல்தான். புது மஜ்ஜையில் பிறக்கும் அணுக்கள் நொதியைக் கசியவிடும், மற்றவை வாங்கிக்கொள்ளும்.

விலை யார் வைத்தது?

இனி அந்தச் செலவு.

ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு லட்சம் டாலருக்கு மேல். எடைக்குத் தக்கபடி மருந்து. அதாவது, மருந்து பலித்துக் குழந்தை வளர வளரச் செலவும் வளரும்!

இந்திய அரசாங்கம் 2021-ல் அரிய நோய்களுக்கு என்று ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. 2022-ல், ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று சொன்னது. நல்ல காரியம். முன்பு அதுகூட இல்லை. ஆனால் ஆயுள் முழுவதும் ஏற்றவேண்டிய மருந்துக்கு 50 லட்சம் எத்தனை மாதம் வரும்? பணம் தீர்ந்த வாரத்தில் தாய் என்ன செய்வாள்? பாதி ஆற்றில் படகை நிறுத்துவது உதவி ஆகுமா?

பாலையும் மருந்தையும் எதிர் எதிரே நிறுத்துவது சரியான வழக்கு அல்ல. மருந்தின் விலை மலையிலிருந்து உருண்டு வந்த பாறை அல்லவே! மனிதர் வைத்த விலை. மூல ஆராய்ச்சி நடந்தது அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில், மக்கள் வரிப்பணத்தில். கம்பெனிகளும் பணம் போட்டன, துணிந்து போட்டன, லாபம் எடுக்கட்டும். எவ்வளவு லாபம் என்று கேட்க அரசாங்கங்களுக்கு உரிமை உண்டு. நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரே கையாகப் பேரம் பேசினால் விலை இறங்கும். தனித் தனித் தகப்பன் போய் நின்றால் இறங்குமா?

அதைவிட அவசரம் இன்னொன்று. சீக்கிரம் கண்டுபிடிப்பது! மஜ்ஜை மாற்றுவதற்குக் காலம் உண்டு. அந்தக் காலம் தாண்டியபின் கோடி கொட்டினாலும் போன அறிவு திரும்பாது. 2016-ல் அமெரிக்கா, பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் செய்யவேண்டிய சோதனைப் பட்டியலில் இந்த நோயையும் சேர்த்தது. குதிகாலில் ஒரு குத்து. காகிதத்தில் ஒரு சொட்டு ரத்தம்.

நம் பக்கத்துக்கு இது மிகவும் பொருந்தும். இந்த நோய்களில் பெரும்பாலானவை, தாய் தகப்பன் இருவரிடமும் பழுதான குறிப்பு ஒவ்வொன்று இருந்தால்தான் குழந்தைக்கு வரும். அப்படி இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளே கட்டும்போது, ஒரே பாட்டனிடமிருந்து அந்தக் குறிப்பு இருவருக்கும் வந்திருக்க இடம் உண்டு. சொந்தத்தில் கட்டிய எல்லாருக்கும் நோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வரவில்லை என்பதை ஊரே பார்க்கிறது. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை இப்படி இருந்திருந்தால், அடுத்த கல்யாணத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் முன் டாக்டரைக் கேட்பது நல்லது.

அப்படிப்பட்ட வீடுகளில் மாமியார் மருமகளைப் பார்த்து, "உன் வயிற்றில் பிறந்த கோளாறு" என்று சொல்வது உண்டு. தவறு! ஹர்லர் நோயில் பாதி தாயிடமிருந்து. பாதி உங்கள் மகனிடமிருந்து. ஹண்டர் நோயில் தாய் வழியாக ஆண் குழந்தைக்கு வரும். ஆனால் அது தனக்குள் இருப்பது அவளுக்கே தெரியாது. தெரியாமல் சுமந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது?

இன்று நம் நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் அந்த ஒரு சொட்டுச் சோதனை நடப்பதில்லை. நடத்தலாம். பிரசவம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. குதிகாலில் குத்த நர்ஸ் இருக்கிறார். காகிதம் விலை மலிந்தது. அந்தக் காகிதம் போய்ச் சேர ஜில்லாவுக்கு ஒரு வழியும், படித்துப் பார்க்கச் சோதனைக்கூடமும், முடிவைத் தாயிடம் பக்குவமாகச் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். அதற்கு ஆகும் செலவை முதலில் கணக்குப் போடட்டும். ஆயிரம் குழந்தைகளின் பாலைப் பற்றி அப்புறம் பேசலாம்.